பூனைக்குப் பேசியவள்

பழனியம்மாள் என்று ஒரு பெயர் அவளுக்கு இருந்தது. எங்கள் ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. போர்வெல் ரிக் வண்டியோடு ராய்ச்சூர்ப் பக்கம் வேலைக்குப் போன அவள் புருஷன் அர்த்தநாரி, அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு நின்றுவிட்டான். அது எழுபத்தொன்பதாம் வருஷம். அன்றிலிருந்து ரேஷன் கடைக்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோருக்கும் அவள் ‘அர்த்தநாரி உட்டுட்டுப் போன புள்ள’. பால்வாடியில் டீச்சர் வேலை கிடைத்து, நாற்பது பொடிசுகளுக்குப் பாட்டும் கதையும் சொல்ல ஆரம்பித்த பிறகும் அது மாறவில்லை. “எந்த டீச்சருங்க?” என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், “அதானுங்க, அந்த அர்த்தநாரி உட்டுட்டுப் போன புள்ள இல்லீங்களா” என்றுதான் பதில் வரும். ஓடிப்போனவன் பெயர் ஊரில் நின்றுவிட்டது. இருந்தவள் பெயரைக் காணோம்.

மல்லசமுத்திரத்துக்கும் வையப்பமலைக்கும் நடுவில் எங்கள் ஊர். அவள் தன் தம்பி செல்லமுத்துவின் வீட்டில் இருந்தாள். எங்கள் வீடு நேர் எதிரே. நான் சேலத்தில் கான்வென்டில் படித்துவிட்டு, அப்போது நாமக்கல்லில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாருக்கு இங்கிலீஷில் கடுதாசி வந்தாலும், மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமானாலும் என்னிடம் வருவார்கள். இந்தக் கதையில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது. அது பெருமைப்படும்படியான பங்கு இல்லை.

செல்லமுத்து தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். எண்பத்தைந்தில் ஒரு கலர் டிவியும் வீடியோ டெக்கும் வாங்கி வாடகைக்கு விடத் தொடங்கினான். அந்த வருஷங்களில் காதுகுத்து, சீர், புதுவீடு எதுவானாலும் டெக் போடாமல் விசேஷம் முடியாது. பந்தலுக்குள் மேசையைப் போட்டு, அதன் மேல் டிவியை வைத்து, மாலை போட்டு, கேசட்டில் வரிசையாகப் படம் ஓட்டுவார்கள். செல்லமுத்துவுக்கு டெக்கை விற்ற சிங்கப்பூர்க்காரர், கூடவே ஒரு கேசட்டையும் தள்ளிவிட்டிருந்தார். அந்தக் காலத்துக் கார்ட்டூன் படங்கள் எட்டு, ஒவ்வொன்றும் ஏழெட்டு நிமிஷம். அவற்றை ஒன்றாகச் சேர்த்து, வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்று ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வெளியிட்டிருந்தது. அட்டையில் தொப்பி போட்ட ஒரு பூனை. தியேட்டர்களில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஓடிய படங்கள் என்று அட்டையின் பின்பக்கம் இருந்ததை நான்தான் படித்துச் சொன்னேன்.

“அம்பது வருசத்துப் பழசா? அதான் பேசவும் மாட்டீங்குது, சண்டையும் காணோம்” என்று சொல்லி, செல்லமுத்து அதை அலமாரியின் மேல்தட்டில் தூக்கிப் போட்டான்.

அது கீழே இறங்கியது வையப்பமலைக் காதுகுத்து ஒன்றில். படக் கேசட்டுகளைக் கொண்டுவர வேண்டிய ஆள் ராசிபுரத்தில் பஸ்ஸை விட்டுவிட்டார். பகல் பன்னிரண்டு மணி. முதல் பந்தி முடிந்து பொடிசுகளெல்லாம் டிவியைச் சுற்றி உட்கார்ந்தாகிவிட்டது. ஒரு பெரியவர் வெற்றிலையை மடித்தபடி, “ஏனுங்க டெக்குக்காரரே, டிவிய என்ன பூசை போடறதுக்கா வெச்சிருக்கறீங்க?” என்றார். பந்தலே சிரித்தது. செல்லமுத்துவின் பையில் இருந்தது அந்தப் பூனைக் கேசட் ஒன்றுதான். வேறு வழியில்லாமல் அதைப் போட்டான்.

முதலில் நீலத் திரையில் இங்கிலீஷ் எழுத்து வரிவரியாக நின்றது. பொடிசுகள் எழுத்தைப் பார்த்து முழித்தன. அவற்றில் பாதி பழனியம்மாளின் பால்வாடிப் பிள்ளைகள். அவள் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், அது என்ன எழுத்து?”

“அதுவா சாமி, படம் ஆரம்பிக்கறதுக்கு முந்தி சாமி கும்புடறாங்க. எல்லாரும் கையெடுங்க பாக்கலாம்.”

அத்தனை பிள்ளைகளும் கையைக் குவித்தன. பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு ஆத்தாக்களும் எதற்கும் இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டார்கள். பிறகு படம் வந்தது. ஊரெல்லாம் பனி கொட்டிக் கிடக்க, தொப்பி போட்ட பூனை ஒரு பெரிய வீட்டுக்குக் காவல் நிற்கிறது. பனியை வாழ்நாளில் பார்த்தறியாத அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை, “டீச்சர், எல்லாம் ஒரே வெள்ளையா இருக்குதே?” என்றது.

பழனியம்மாள் சொம்பைக் கீழே வைத்தாள். “அது கெழங்கு மாவு கண்ணு. ஆத்தூர்ப் பக்கம் சேகோ மில்லுல களம் களமாக் காயப் போட்டிருப்பாங்கல்ல, அதுதான். இந்தப் பூனை அந்த மில்லுக்கு வாட்ச்மேன். பேரு மாரப்பன். பொண்டாட்டிகிட்ட சண்ட போட்டுட்டு, சோறு உண்காம வேலைக்கி வந்துட்டான். மொகத்தப் பாரு, எப்புடிக் கெடக்குதுன்னு.”

பூனையின் முகம் அப்படித்தான் கிடந்தது. பந்தல் சிரித்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு கரடி பிடிலோடு வந்தது. “இவருதான் மொதலாளி. மாவு வெல எறங்கிப் போச்சுன்னு ஒப்பாரி வெக்கறாரு, கேளு.” மைக் செட்காரர் தாமாகவே மைக்கைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். எட்டுப் படத்துக்கும் பேசினாள். கேசட் முடிந்ததும், வெற்றிலை மடித்த அதே பெரியவர், “இன்னொருக்கா போடுங்க” என்றார்.

இரண்டாவது முறை பேசியபோது கதை வேறு. மாரப்பனுக்கு மாமியார் வந்திருந்தாள். கரடி கோழிப்பண்ணை வைத்திருந்தது. ஒரு தடவை சொன்னதை மறுதடவை அவள் சொன்னதே இல்லை.

அடுத்த வாரம் அந்தப் படங்களில் எங்காவது வருகிற இங்கிலீஷ் பேச்சை எனக்குத் தெரிந்தவரை தமிழாக்கி, ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கரடி பாடுகிற பாட்டைக்கூட விடவில்லை. பொறுமையாகக் கேட்டாள்.

“நல்லாத்தான் எழுதியிருக்கற அம்மிணி. ஆனா இதச் சொன்னா பொடுசுக எந்திரிச்சுப் போயிருமே” என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்த நீலத் திரை எழுத்து என்னவென்றும் அப்போதுதான் சொன்னேன். இது கம்பெனிக்குச் சொந்தம், அனுமதி இல்லாமல் நகல் எடுக்கக் கூடாது, கூட்டத்துக்குப் போட்டுக் காட்டக் கூடாது, மீறினால் தண்டனை என்று இருப்பதாக. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஒருத்தரோட பொருள இன்னொருத்தரு எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்குது, அதானே? நல்ல வார்த்தைதான். கும்புட்டுட்டுப் போவட்டும்.”

ஆறே மாதத்தில் மல்லசமுத்திரம், வெண்ணந்தூர், ஆட்டையாம்பட்டி என்று பகல் விசேஷங்களுக்கு அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. எங்கே போனாலும் பிள்ளைகள் அந்த நீலத் திரைக்குக் கையெடுத்துக் கும்பிட்டன. ‘பூனை டீச்சர்’ என்றார்கள் அவளை. ஒரு காதுகுத்துப் பத்திரிகையில் அச்சில் போட்டேவிட்டார்கள்: ‘பகல் 12 மணிக்கு பழனியம்மாள் அவர்களின் பூனைக் கதை நடைபெறும்.’ அந்தப் பத்திரிகையை அவள் பால்வாடி வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டாமல் செருகி வைத்திருந்தாள். எனக்கு எடுத்துக் காட்டினாள்.

“பாரு அம்மிணி. பழனியம்மாள் அவர்கள். கலியாணப் பத்திரிகையிலகூட எம்பேருக்குப் பின்னாடி அவர்கள் போடுல.”

அடுத்த வருஷம் செல்லமுத்துவுக்குப் பெண் பார்த்தார்கள். திருச்செங்கோட்டில் இரண்டு ரிக் வண்டி வைத்திருந்த செங்கோட்டையன் என்பவரின் மகள் சௌந்திரம். நல்ல இடம். அவர்கள் வீடு பார்க்க வந்த அன்று பேச்சுவாக்கில் செங்கோட்டையன் கேட்டார்.

“ஏனுங்க, உங்க பக்கம் யாரோ ஒரு பொம்பள மைக்கப் புடிச்சுக்கிட்டு டெக்குக்குப் பேசிட்டுத் திரியறதாச் சொன்னாங்க? அந்த ஊட்டு ஆம்பளைக எல்லாம் என்னதான் பண்றாங்களோ, போங்க!”

செல்லமுத்து அவரோடு சேர்ந்து சிரித்தான். “ஆமாங்க. யாரோ ஒருத்தி.”

சமையல் கட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த பழனியம்மாளுக்கு அது கேட்டது. அவர்கள் வண்டி ஏறிப் போன பிறகு செல்லமுத்து அவள் காலடியில் வந்து உட்கார்ந்தான். சின்ன வயதில் தாய் போனபின் அவனை வளர்த்தவள் அவள்.

“கலியாணம் முடியற வரைக்கும்தானக்கா. அதுக்கப்புறம் நீயே பேசு, நானே மைக்கத் தூக்கிட்டு வாரேன். அதுக்குள்ளார உன்ற குரல கேசட்டுல ஏத்தி வெச்சுக்கலாம். அட்டையில உம்பேரப் போட்டறலாம். பழனியம்மாள் குரலில் அப்புடீன்னு. கொட்ட எழுத்துல.”

“நெசமாவாடா?”

“உம்மேல சத்தியமா.”

மூன்று நாள் பதிவு நடந்தது. டெக் அறையின் சன்னல்களுக்குச் சமுக்காளம் கட்டி, இரண்டு டெக்கை ஒயரால் இணைத்து, படத்தின் இசையும் அவள் குரலும் ஒன்றாக விழும்படி மைக்கைச் செருகியிருந்தான். எவ்வளவு அடைத்தும் பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் உள்ளே வந்தது. பிள்ளைகள் இல்லாமல் சுவரைப் பார்த்துப் பேசுவது அவளுக்கு முதலில் வரவில்லை. “நீயாச்சும் எம்முன்னாடி உக்காரு அம்மிணி, சிரிக்கோணும் ஆனா சத்தம் வரக் கூடாது” என்று என்னை உட்கார வைத்தாள். ஐந்தாவது படத்தில் பூனை கிணற்றில் விழுகிற இடம். தொண்டை வறண்டு போய், மாரப்பன் குரலை விடாமலேயே, “செல்லமுத்து, தண்ணி குடுடா” என்றாள். அவன் சொம்பை நீட்டினான். குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். திரும்பப் பதிவு செய்யச் சோம்பல்பட்டு அதை அப்படியே விட்டுவிட்டான்.

இனி என் பங்கு. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது செல்லமுத்து நாற்பது வெற்று அட்டைகளும் ஸ்கெட்ச் பேனாக்களும் கொண்டுவந்தான். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். பூனையை வரையச் சொல்லி, கீழே எழுத வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் கொடுத்தான். ‘குரல்: மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட்.’

“அக்கா பேரு?” என்றேன்.

“அக்காதான் வேண்டாம்னுருச்சு. ஒறம்பரைக்குள்ள வீண் பேச்சாவும்னு.”

உறவுக்குள் வீண்பேச்சு எழும் என்று அவள் சொல்லக்கூடியவள்தானா என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. தெருவைத் தாண்டினால் அவள் வீடு. பத்தடி. அவளிடம் கேட்டிருக்கலாம். நான் போகவில்லை. நாற்பது அட்டையிலும் அழகாக எழுதிக் கொடுத்தேன். இன்று அயல்தேசத்தில், கதவைப் பூட்டினேனா என்று மூன்று முறை இறங்கி வந்து பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அப்போதெல்லாம் அந்தப் பத்தடிதான் ஞாபகம் வருகிறது.

கல்யாணம் நடந்தது. ஆவணி போய்த் தை வந்தது. பழனியம்மாள் கேட்கும்போதெல்லாம் கேசட் இன்னும் சேலத்துக்கு நகல் போடப் போயிருப்பதாகவே செல்லமுத்து சொல்லிக்கொண்டிருந்தான். பங்குனியில் தம்மம்பட்டியில் தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டுப் புதுமனைக்கு அவள் மட்டும் போனாள். திரும்பி வந்து அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன்.

பந்தலுக்குள் நுழையும்போதே தன் குரல் கேட்டதாம். பின்னால் பக்கத்து வீட்டுத் தறி கூடக் கேட்டதாம். முப்பது பிள்ளைகள் டிவி முன்னால் உட்கார்ந்து, வசனம் வரும் முன்பே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. பூனை கிணற்றில் விழுந்ததும் அத்தனையும் ஒரே கூச்சலாக, “செல்லமுத்து, தண்ணி குடுடா!” அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொங்குப் பேச்சே வேடிக்கை. தாகம் எடுத்தாலே அப்படித்தான் கேட்பார்களாம்.

இவள் சிரித்துக்கொண்டே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “அது ஆரு பேசறாங்க தெரியுமா? நாந்தான்” என்றாள்.

பத்து வயதுப் பெண் ஒருத்தி இவளை மேலும் கீழும் பார்த்தாள். “பொய் சொல்லாதீங்கக்கா. அது மெட்ராஸ்காரங்க. அட்டையில போட்டிருக்கு.”

“மெட்ராஸ்காரி இப்புடியா பேசுவா?”

“ஆர்ட்டிஸ்ட்டுங்க எந்த ஊர் மாதிரியும் பேசுவாங்க. நீங்கதான்னா பேசிக் காட்டுங்க.”

ஒரு பையன் சத்தத்தைக் குறைத்தான். படம் ஊமையாக ஓடியது. பழனியம்மாள் பேசினாள். அவளுக்குத் தெரிந்த விதத்தில், அன்றைக்கு அந்த முகங்களைப் பார்த்து என்ன வந்ததோ அதைப் பேசினாள். கரடிக்கு வெற்றிலைத் தோட்டம் கொடுத்தாள். மாரப்பனைத் தம்மம்பட்டி பஸ்ஸில் ஏற்றினாள்.

“தப்பு!” என்றாள் அந்தப் பெண். “கரடி மில்லு முதலாளி. இவங்களுக்கு ஒண்ணுமே தெரியலடி.”

“சத்தத்த வைடா” என்று எல்லோரும் கத்தினார்கள். அவள் குரல் திரும்ப வந்து அவளையே மூடியது. “அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க, மறைக்குது” என்றது ஒரு பிள்ளை.

அந்த வீட்டில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த காலி அட்டையை மறுநாள் காலை என் முன்னால் வைத்தாள். கோபமாக இல்லை. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“இது உன்ற எழுத்தாட்ட இருக்குது அம்மிணி.”

“நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்கன்னு செல்லமுத்து அண்ணன்…”

“நாஞ் சொன்னனா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டயா?”

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பூனைய நல்லா வரஞ்சிருக்கற” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

செல்லமுத்துவிடம் அவள் கேட்டபோது நான் என் வீட்டு வாசலில் நின்றேன். இருவர் பேசியதும் தெளிவாகக் கேட்டது.

“ஊரே கேக்குதுக்கா உன்ற குரல. அது போதாதா?”

“எங்குரலக் கேக்குது. என்னக் கேக்குலியேடா.”

“அன்னிக்கே மாமங்கிட்ட யாரோ ஒருத்தின்னு சொல்லிப்போட்டன். இப்பப் போயி அது எங்கக்காதானுங்கன்னா என்னைய என்னன்னு நெனப்பாரு? சௌந்திரம் வேற மாசமா இருக்கறா. கொழந்த பொறக்கட்டும், ஒரு நல்ல நாள்ல நானே எல்லாத்து முன்னாடியும் சொல்றன்.”

“எல்லாத்து முன்னாடியுமா?”

“சொல்றங்கறன்ல.”

அவள் நம்பினாள். இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. புருஷன் விட்டுப் போனதை ஏழு வருஷம் சுமந்தவள், தம்பியின் இரண்டாவது சத்தியத்தையும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள். அதற்குள் கேசட் ஈரோடு, கரூர் என்று போய்விட்டது. அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. ஆளைக் கூப்பிட்டால் சோறு போட வேண்டும், மைக் வேண்டும், கேசட்டுக்கு ஒன்றும் வேண்டாம்.

எண்பத்தெட்டு தை மாதம் செல்லமுத்துவின் மகளுக்குக் காதுகுத்து. அன்றுதான் அந்த நல்ல நாள் என்று பழனியம்மாள் முடிவு செய்திருந்தாள். காலையில் என்னைப் பார்த்தபோது, “இன்னிக்குச் சொல்லிருவான். நீயும் இருக்கோணும்” என்றாள். அரக்கு நிறத்தில் புதுப்புடவை கட்டியிருந்தாள்.

திருச்செங்கோட்டிலிருந்து இரண்டு வேன் நிறைய சம்பந்தி வீட்டார் சீர்த்தட்டோடு வந்து இறங்கினார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தியாயிற்று. முதல் பந்தி முடிந்தது. டெக்குக்காரர் வீட்டு விசேஷத்தில் டெக் இல்லாமலா? பகல் பன்னிரண்டு மணிக்கு டிவியைப் பந்தலில் வைத்து, பொடிசுகளுக்காகப் பூனைக் கேசட்டைப் போட்டான் செல்லமுத்து. நீலத் திரை வந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கும்பிட, வந்திருந்த பிள்ளைகளும் பார்த்துக் கும்பிட்டன. செங்கோட்டையன் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தார். பழனியம்மாள் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண் தம்பி மேலேயே இருந்தது.

பூனை கிணற்றில் விழுந்தது. “செல்லமுத்து, தண்ணி குடுடா!” என்று பந்தல் அதிர்ந்தது.

செங்கோட்டையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். “ஏனுங்க மாப்ளே, ரொம்ப நாளாக் கேக்கோணும்னு இருந்தன். மெட்ராஸ்காரிக்கு உங்க பேரு எப்புடிங்க தெரியும்?”

எங்கள் தெருக்காரர்கள் முப்பது பேராவது அங்கே இருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். வையப்பமலையில் சொம்பைக் கீழே வைத்ததை நேரில் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் சம்பந்தி முன்னால் வீட்டுக்காரர் பேசுவதற்கு முன்பு இன்னொருவர் வாய் திறப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. ஒருவர் இலையைப் பார்த்தார். ஒருவர் குழந்தையைக் கொஞ்சினார். செல்லமுத்து அக்காவைப் பார்த்தான். அவள் கையில் சொம்போடு நின்றாள். முகத்தில் சிரிப்பு தொடங்கிவிட்டிருந்தது.

“அதுங்களா? கேசட்டு காப்பி போடற கடக்காரன் எனக்குப் பழக்கமுங்க. அந்த மெட்ராஸ்காரிகிட்டச் சொல்லி எம்பேரச் சும்மா சேத்துட்டான்.”

“அதானே பாத்தன்!” என்றார் செங்கோட்டையன்.

பழனியம்மாளின் முகத்தில் தொடங்கியது நடுவில் நின்றது. அவள் சொம்பிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளைகளைத் தாண்டி, டிவிக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் வந்து தம்பி முன்னால் நின்றாள். டம்ளரை நீட்டினாள். மாரப்பன் குரலில் சொன்னாள்:

“இந்தா செல்லமுத்து. நீ தண்ணி குடிடா.”

பிள்ளைகள் அத்தனையும் திரும்பின. டிவியில் இருந்த குரல் டிவிக்கு வெளியே நின்றிருந்தது. பின்னால் பூனை வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தது, அதே குரலில். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று நான் நினைத்தேன்.

செல்லமுத்து டம்ளரை வாங்கினான். அண்ணாந்து, சொட்டு விடாமல் குடித்தான். அந்த நேரம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

“பாத்தீங்களா மாமா, எங்கக்கா! ஒருக்காக் கேட்டாப் போதும், யாராட்ட வேணும்னாலும் பேசும். மெட்ராஸ்காரியாட்டவே வருதுல்லீங்க?”

“அடேயப்பா!” செங்கோட்டையன் தொடையைத் தட்டினார். “அந்த மெட்ராஸ்காரி தோத்தா, போங்க! டீச்சரம்மாவுக்குள்ள இத்தன வித்தையா!” அவர் கை தட்டினார். சம்பந்தி வீட்டார் தட்டினார்கள். அவர்களைப் பார்த்து எங்கள் தெருக்காரர்களும் தட்டினார்கள்.

பழனியம்மாள் திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்தாள். அட்டையில் எழுதிய கை என்னுடையது. நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மூன்று மாதத்தில் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறவள், ஊரில் எனக்கு இழக்க ஒன்றுமே இல்லை. என் கைகள் தட்டிக்கொண்டிருந்தன.

ஒரு குழந்தை அவள் புடவையைப் பிடித்து இழுத்தது. “அத்தை, பூனையாட்ட இன்னொருக்காப் பேசுங்கத்தை. மில்லுக் கத சொல்லுங்க.”

அவள் தம்பி கையிலிருந்து காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள். குழந்தையின் தலையைத் தடவினாள்.

“எனக்கு அவ்வளவுதான் வரும் சாமி” என்றாள், தன் சொந்தக் குரலில். “மிச்சத்தக் கேசட்டுல கேட்டுக்க.”